சொல்லாமல் அடித்த டிக்

பனிக்காலம் வந்தால் எல்லோருக்கும் வெளியே இறங்கத்தான் பயம். எனக்குக் கட்டடத்துக்குள்ளே நுழையும்போதுதான் பயம். மளிகைக் கடையின் பளபளப்பான தரை, ஆஸ்பத்திரி லாபி, பேங்க் வாசலில் பதித்திருக்கும் கல், இவற்றில் வயதானவர் யாராவது ஈரக் காலோடு வந்து நின்றால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். வேலையை விட்டு வந்த பிறகும் இது போகவில்லை. "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃப்ளோர்" என்று என் மகள் கையைப் பிடித்து இழுப்பாள். அவளிடம் காரணத்தை இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

போன மாதம் சர்ச்சில் ஒரு நர்ஸ் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்ப்பவள். "ஆன்ட்டி, இப்பல்லாம் ஷீட்டு கீட்டு ஒண்ணும் கிடையாது. டேப்லெட்ல ஒரு பட்டன் தட்டினா போதும், பேஷன்ட்டுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்தோமோ அத்தனையும் தானா டிக் ஆயிடும். எவ்ளோ டைம் சேவ் ஆகுது தெரியுமா?" என்றாள். நல்ல பெண், உற்சாகமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று பூசையில் மனது நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொந்த ஊர் தூத்துக்குடி. மதுரையில் நர்சிங் படித்தேன், சவுதியில் ஆறு வருஷம் இருந்தேன், கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். லைசென்ஸ் பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை தேறினேன். 2001-இல் ஹோம் கேர் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. எடிசன், பிஸ்கட்டவே பக்கம் என் ஏரியா. ஒரு நாளைக்கு ஆறு வீடு, தோளில் பை, காரில் சாப்பாடு.

முதல் குளிர்காலத்திலேயே விழுந்தேன். எடிசனில் ஒரு வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் டிரைவ்வேயில் கண்ணுக்கே தெரியாத ஐஸ். கால் முன்னே போனது, நான் பின்னே போனேன். நோயாளிகளிடம் எடுத்து வைத்திருந்த ரத்தக் குப்பிகள் உடைந்து, வெள்ளைப் பனியில் ரத்தம் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. வீட்டுக்காரக் கிழவி அதை என் ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டாள். மணிக்கட்டு வீங்கியதோடு தப்பித்தேன். மறுநாள் என் சூப்பர்வைசர் டாரதி தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

டாரதி ஒல்லியான, உயரம் குறைந்த பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே அவளைக் கண்டால் எங்கள் எல்லோருக்கும் நடுக்கம். கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம், முறைக்கலாம். மெதுவாகப் பேசிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளிடம் என்ன செய்வது? அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

மேசை மேல் ஒரு ஜோடி க்ளீட்ஸ் வைத்திருந்தாள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்பு ரப்பரில் வலை மாதிரி இருக்கும். அதை இழுத்து ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பக்கத்தில் எஃகுக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டிக் கோத்திருப்பார்கள். அந்தக் கம்பி ஐஸைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். "மாட்டிக் காட்டு" என்றாள். நின்றபடி மாட்டப் போனேன். "நின்றுகொண்டு மாட்டுகிறவர்கள் மாட்டும்போதே விழுவார்கள்" என்றாள்.

அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். கார் சீட்டில் உட்கார்ந்தபடியே காலை வெளியே நீட்ட வேண்டும். முதலில் ஷூவின் முனையை நுழைத்து, பிறகு குதிகாலில் இழுத்து விட வேண்டும். கம்பி சரியாகப் பாதத்துக்கு அடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எழுந்ததும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நடக்கும்போது அடி சின்னதாக, பாதம் முழுக்கத் தரையில் படும்படி. ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இப்படி ஆறு சொல்லிவிட்டு, ஏழாவதைச் சொல்லவில்லை. என்னை க்ளீட்ஸோடு, கார்ப்பெட் வழியாக ஆபீஸ் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். டைல்ஸ் போட்ட தரை. "ஒரு அடி எடுத்து வை" என்றாள். வைத்தேன். சோப்புத் தண்ணீரில் வைத்த மாதிரி கால் பறந்தது. டாரதி தன் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்திருந்ததால்தான் விழவில்லை.

"ஐஸைக் கடிக்கிற கம்பி டைல்ஸைக் கடிக்காது" என்றாள். "வழவழப்பான தரையில் கால் வைக்கும் முன் கழற்ற வேண்டும். இதுதான் ஏழாவது. மற்ற ஆறையும் மறந்தால்கூட ஐஸ் ஞாபகப்படுத்தும். இதை மறந்தால் ஞாபகப்படுத்த யாரும் கிடையாது."

அந்த ஏழும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஷீட்டிலும் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். சொல்லிக் கொடுத்துவிட்டு டிக் அடிக்க வேண்டும். கீழே நோயாளி கையெழுத்து, அதற்குக் கீழே நர்ஸ் கையெழுத்து.

இனி ஹமீது காக்கா என்ற நோயாளியின் விஷயத்துக்கு வருகிறேன். 2005 ஜனவரி. பிஸ்கட்டவேயில் ஒரு டவுன்ஹவுஸ். எழுபத்திரண்டு வயது, இதயத்தில் ஒரு வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. வாரம் ஒரு தடவை நான் போய், விரலில் குத்தி, ரத்தம் உறைகிற அளவைப் பார்க்க வேண்டும். அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் எங்காவது ரத்தக் கசிவு. அந்த மாத்திரையோடு வாழும் பிழைப்பே அப்படி.

முதல் நாள் கதவைத் திறந்ததும் "அங்கிள், நான் நர்ஸ் ஸ்டெல்லா" என்றேன்.

"தமிழா? எந்த ஊரும்மா?"

"தூத்துக்குடி."

"அட, நான் காயல்பட்டணம்! பக்கத்து ஊருக்காரி என்னைப் போயி அங்கிளுங்குறா. காக்கான்னு கூப்பிடு புள்ள" என்றார். காயலில் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவது எனக்கு வேலை மாதிரியே இல்லை. மருமகள் ரஹீமா டீயும் ஏதாவது பலகாரமும் வைப்பாள். காக்கா ஊர்க்கதை பேசுவார். மகன் ஜாபர் வீட்டிலிருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, வாப்பாவ கொஞ்சம் மிரட்டிட்டுப் போங்க, சொல்பேச்சு கேக்க மாட்டேங்குறார்" என்பான்.

சொல்பேச்சு கேட்காதது ஒரே விஷயத்தில்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். ஹோம் கேர் நோயாளி வீட்டை விட்டு அதிகம் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி என்றாலும், டாக்டரிடமும் தொழுகைக்கும் போகத் தடையில்லை. ஆனால் ஜாபர் விடவில்லை. பார்க்கிங்கில் ஐஸ், விழுந்தால் ரத்தம் நிற்காது என்று பயம். மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. நான்காவது வாரம் காக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வால்வு மாத்துனாங்க, பொறுத்துக்கிட்டேன். உப்பு இல்லாமத் தின்னச் சொன்னாங்க, தின்னேன். இது ஒண்ணு மட்டும் தாங்கலம்மா. வீட்டுக்குள்ளயே மௌத்தாகிப் போயிருவேனோன்னு பயமா இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த புதன்கிழமை ஏஜென்சியிலிருந்து ஒரு ஜோடி க்ளீட்ஸ் வாங்கிப் போனேன். ஜாபர் நின்று பார்த்தான். காக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, மாட்டவும் கழற்றவும் நான்கு தடவை செய்ய வைத்தேன். டிரைவ்வேயில் கையைப் பிடித்து நடக்க வைத்தேன். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "நல்லாப் புடிக்குதே! சங்கிலி போட்ட லாரி மாதிரில்ல இருக்கு."

உள்ளே வந்தோம். வாசலை ஒட்டிய ராக்கில் ஷூக்களும் செருப்புகளும் அடுக்கியிருந்தன. காக்கா ஷூவை க்ளீட்ஸோடு கழற்றி அங்கே வைத்துவிட்டு, காலுறையோடு கார்ப்பெட்டில் நடந்து போனார். நானும் என்னுடையதை அங்கேதான் கழற்றினேன். ஷீட்டை எடுத்து வரிசையாக டிக் அடித்து வந்தேன். ஏழாவதில் பேனா ஒரு வினாடி நின்றது. அமெரிக்கர்கள் வீட்டில் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன், அவர்கள் ஷூவோடு சமையலறை வரை போகிறவர்கள். நம் வீடுகளில் வாசலைத் தாண்டி ஷூ போட்டுக்கொண்டு யார் வருவார்கள்? பள்ளிவாசலிலும் வாசலிலேயே கழற்றிவிடுவார். இதைப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் சிரிப்பார் என்று தோன்றியது. டிக் அடித்தேன். ரஹீமா டீ கொண்டுவந்தாள். காக்கா கண்ணாடியைத் தேடாமலேயே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டார். இரவு ஜாபரே போன் செய்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி, வாப்பா முகத்துல இன்னைக்குத்தான் சிரிப்பப் பாக்குறேன்" என்றான். எனக்கு அன்று சோறு இறங்கிய விதமே வேறு.

திங்கட்கிழமை காலை போனேன். ஜாபர் வேலைக்குப் போயிருந்தான், ரஹீமா குழந்தையை டேகேரில் விடப் போயிருந்தாள். காக்காவே கதவைத் திறந்தார். ஊர்க்கதை எதுவும் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். எண் நாலு புள்ளி ஆறு. இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன், அதேதான்.

"காக்கா, தலைவலி இருக்கா?"

"லேசா. ஜலதோஷம்தான். ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"என்ன மாத்திரை?"

"டிராயர்ல கெடந்துச்சு."

சில வலி மாத்திரைகள் அந்த எண்ணை ஏற்றிவிடும்; ஆனால் எண் கூடித் தலையும் வலித்தால் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து அவருக்குப் பின்னால் போய், தலையிலிருந்த தொப்பியை எடுத்தேன். பின் தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், சுற்றிலும் கருநீலம்.

"எங்க விழுந்தீங்க?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டெல்லாம்மா, இத எழுதிராத. ஜாபருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், இனிமே வாசப்படியத் தாண்ட விட மாட்டான். தொழுதுட்டு வர்ற வழியில பால் வாங்கணும்னு கடையில நிறுத்துனான். நானும் பின்னாடியே உள்ள போனேன். அந்தச் சங்கிலியோடதான். தரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. கால் ஓடிப் போச்சு, அலமாரியில தலை இடிச்சுச்சு. நானே எந்திரிச்சுட்டேன், அவன் கவுன்ட்டர்ல நின்னான், பாக்கல. ஐஸுக்குப் போடுறது இங்க ஏன் வழுக்குதுன்னு எனக்குப் புரியவேயில்ல."

எனக்குப் புரிந்தது. கடை. கடைக்குள்ளே போகும்போது நாம் செருப்பைக் கழற்றுவதில்லை. வீட்டையும் பள்ளிவாசலையும் மட்டும் யோசித்திருந்தேன், கடையை யோசிக்கவே இல்லை. நான் சொல்லாத அந்த ஒரு வரி இந்த மனுஷனின் தலையில் வீங்கி நின்றது.

அடுத்த சில வினாடிகளில் என் மனதில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. லைசென்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். வீட்டுக் கடனை நினைத்தேன். எண் கூடியிருக்கிறது, தலைவலி இருக்கிறது என்று மட்டும் டாக்டருக்குச் சொன்னால் போதாதா, விழுந்தார் என்று எதற்குச் சொல்ல வேண்டும், அவரே எழுத வேண்டாம் என்கிறாரே என்று நினைத்தேன். அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு முதலில் வந்த பயம் தன்னைப் பற்றித்தான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காக்கா தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தார். டம்ளர் விரல்களிலிருந்து நழுவிக் கார்ப்பெட்டில் விழுந்தது. அவர் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். நான் 911-ஐ அழைத்தேன். "விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது, மூன்று நாளாகிறது, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்" என்று சொன்னேன். போனை வைத்ததும் காக்கா, "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். வார்த்தை குழறியது.

ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிஷம். தெருவெல்லாம் ஐஸ். அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தூங்காதீங்க காக்கா, ஊர்ல கடற்கரைக்கு எந்தப் பக்கமா போவீங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் பதில் சொன்னார். பிறகு பாதியில் நிறுத்தினார். பிறகு என்னை யாரென்று தெரியாதவர் போலப் பார்த்தார். அந்தப் பதினோரு நிமிஷத்தில் நான் ஜெபிக்கக்கூட இல்லை.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். நான்கு நாள் கண் திறக்கவில்லை. நான் வேலைக்குப் போவதும், முடிந்ததும் ஆஸ்பத்திரி காரிடாரில் நிற்பதுமாக இருந்தேன். ரஹீமா என் தோளில் சாய்ந்து அழுவாள். "நீங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா என்ன ஆயிருக்கும் ஆன்ட்டி?" என்பாள். வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். திறக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் டாரதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நோயாளி விழுந்தால் விசாரிப்பது அவள் பொறுப்பு. காக்கா தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் சும்மா கிடந்தது, இடது கால் அசையவில்லை. பேச்சு திரும்பியிருந்தது. டாரதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபைலைத் திறந்து, ஜாபரை மொழிபெயர்க்கச் சொன்னாள். கட்டடத்துக்குள் போகும் முன் க்ளீட்ஸைக் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் உங்களுக்குச் சொன்னாரா?

காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சொன்னாளே. நல்லா வெளக்கமாத்தான் சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்."

ஜாபர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். டாரதி எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, தன் வழக்கப்படி, என் முகத்தைப் பார்த்தாள்.

தப்பித்துவிட்டேன். நோயாளியே சாட்சி, ஷீட்டில் டிக் இருக்கிறது, அவர் கையெழுத்து இருக்கிறது. நான் சும்மா இருந்தால் போதும். "இல்ல டாரதி" என்றேன். "நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலேயே டிக் அடித்தேன்." பிறகு ஜாபரிடம் தமிழிலும் சொன்னேன், தப்பர்த்தம் வரக் கூடாது என்று.

காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவனுக்குப் பயந்தவன் நான். உனக்காக ஒரு பொய் சொன்னேன், அதையும் வேஸ்ட் பண்ணிட்டியே புள்ள!" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

ஜாபர் சிரிக்கவில்லை. ஏஜென்சி என்னை ஆறு வாரம் மேசை வேலையில் உட்கார வைத்ததும், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததும் பிறகு நடந்தவை, அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஜாபர் அன்று கத்தாமல், ஆன்ட்டி என்று மரியாதையாகவே கூப்பிட்டுக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆன்ட்டி, வேற எதெல்லாம் சொல்லாம டிக் அடிச்சீங்க?"

டாரதி அவன் கேட்டது என்ன என்று விசாரித்தாள். தெரிந்துகொண்டதும் ஃபைலை என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டினேன். உப்பு பற்றிச் சொன்னேன், நன்றாக நினைவிருந்தது. கீரையை அளவோடு சாப்பிட வேண்டும் என்று சொன்னேன், முருங்கைக்கீரைக்காகக் காக்கா என்னோடு சண்டை போட்டிருந்தார். பிளேடால் சவரம் செய்யக் கூடாது என்று சொன்னேன். முதல் நாள் கொடுத்த மாத்திரை ஷீட்டில், கடைசிக்கு முந்தின வரியில் கை நின்றது. என் டிக் அழகாக இருந்தது. ஜாபர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

"என்னது அது? தமிழ்ல சொல்லு" என்றார் காக்கா.

"தலையில அடிபட்டா, வலி இல்லாட்டியும், அன்னைக்கே வீட்டுல சொல்லணும்" என்றேன்.

அதைச் சொல்லியிருந்தால், ஜாபருக்குப் பயந்தாலும் வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டே அந்த ஷீட்டை நிரப்பியது நினைவிருக்கிறது. இந்த வரியைச் சொன்னேனா என்று நினைவில்லை. எத்தனையோ வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அவருக்காவது தெரியுமா என்று நிமிர்ந்து பார்த்தேன். சற்று முன் எனக்காக உடனே "சொன்னாளே" என்று பொய் சொன்ன காக்கா, இந்த வரிக்கு அதைச் சொல்லவில்லை. வலது கையால் இடது கையை எடுத்து, மெதுவாகப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.